சுவரோரம் போன சுற்றறிக்கை

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு, உத்தரவாதம். ஆனால் அது கடைசியில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் சிரிப்பவர்கள் உரிய படிவத்தில் காரணம் எழுதித் தர வேண்டும். முதலில் ஒயரைப் பற்றிப் பேசுவோம்.

சுவருக்குள் ஓடும் ஒயர் நேராக மேலே ஏறலாம், நேராகப் பக்கவாட்டில் போகலாம். குறுக்கே மட்டும் போகக் கூடாது. பின்னாளில் அங்கே ஆணி அடிப்பவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த விதி. எங்கள் மாடி அறையில் எலெக்ட்ரீஷியன் அண்ணன் அப்படித்தான் இழுத்திருந்தார். அம்மாவின் தையல் மெஷின் அங்கேதான். பள்ளி திறக்கப் பத்து நாள். அறுபது சீருடைகள் வெட்டிய துணியாகவே கிடந்தன. மின்வாரிய ஆய்வாளர் கையெழுத்துப் போட்டால்தான் கரண்ட்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டேப் சார். கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பார். உள்ளே இருக்கும் ஒயரைப் பார்க்காமல் எப்படிச் சான்று தருவது என்றார். அண்ணன் பூச்சை உடைத்துக் காட்டினார். மறைவாக இருக்க வேண்டிய ஒயர் வெளியே தெரிகிறது என்று எழுதி நிராகரித்தார். பூசினோம். மறுபடி வந்தார். 

"நான் பார்த்த ஒயர்தான் உள்ள இருக்குன்னு என்ன அத்தாட்சி?"

"அது எங்க சார் போகும், காலா இருக்கு?" என்றார் அண்ணன்.

"காலில்லைன்னு எழுதித் தருவீங்களா?"

மறுபடி உடைத்தோம். எப்படியும் திரும்பி வரத்தானே போகிறோம் என்று டேப் சார் நிராகரிப்புப் புத்தகத்தை எங்கள் தையல் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார். அம்மா துணியில் படிந்த சிமெண்ட் தூசியை உதறிக்கொண்டே இருந்தாள்.

என் தொண்டைக்குள் ஊரே குடியிருக்கிறது; யார் குரலையும் அப்படியே பேசிவிடுவேன். முன்பு அம்மாவோடு மின்வாரிய அலுவலகம் போனபோது பெரிய அதிகாரியையும் குடிவைத்திருந்தேன். இரண்டு இருமல், பிறகு மூக்கால் ஓர் ஆணை. டேப் சாருக்குப் போன் போட்டேன்.

"க்ஹும், க்ஹும். புதுச் சுற்றறிக்கை. ஒயருக்கு ஒரு நியாயம், ஆய்வாளருக்கு ஒரு நியாயமா? இனிமே நீங்களும் சுவரோரமாத்தான் நடக்கணும். குறுக்கே போனா பதவி உயர்வு போச்சு. ஒயரப் பிடிக்கிற கிளாம்ப் மாதிரி ரெண்டடிக்கு ஒரு தடவ சுவத்துல கை ஊணணும்."

"மூலையில சார்?" பயபக்தியோடு கேட்டார்.

"மெதுவா வளையணும். மடங்கக் கூடாது."

மறுநாள் டேப் சார் சுவரைத் தடவிக்கொண்டே, ரெண்டடியை அளந்து அளந்து, மாடியேறினார். நிராகரிப்புப் புத்தகம் அறையின் நடுவே, தையல் மேஜை மேல். ஒப்புதல் படிவத்தையோ நான் ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி, பேனாவையும் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

"அந்தப் புத்தகத்த எடுத்துக் குடும்மா."

"அரசாங்க ஆவணத்தைப் பொதுமக்கள் தொடலாமா சார்?"

"தொடக் கூடாதுதான்," என்றார் துக்கத்தோடு. எந்தச் சுவரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒப்புதலில் கையெழுத்திட்டார்.

இனி முத்திரைதான் பாக்கி. மறுநாள் அம்மாவும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். கூடத்தின் நடுவே ஈ, காக்கா இல்லை. டேப் சாரைப் பார்த்துக் குமாஸ்தாக்கள் எல்லாரும் சுவரோரமாக ஊர்ந்துகொண்டிருந்தார்கள். அப்படியொரு சுற்றறிக்கை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் படிக்கவில்லை என்று தெரிந்துவிடுமே. பெரிய அதிகாரியும் ஊர்ந்தார். எல்லாரும் இப்படி நடக்கிறார்கள் என்றால் ஆணை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டியிருந்தார்.

சுவரோர மேஜையில் முத்திரையோடு குனிந்திருந்த டேப் சாரிடம் அம்மா தாளை நீட்டினாள். பெரிய அதிகாரி இருமினார். "குறுக்கே நடந்து வந்த மனு செல்லாது."

அம்மாவின் கை அப்படியே நின்றது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, தொண்டைக்குள் இருந்தவர் வெளியே வந்துவிட்டார்.

"க்ஹும், க்ஹும். முத்திரையப் போடுங்க."

பழக்கதோஷம், டேப் சார் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் கை முத்திரையைக் குத்திவிட்டது. பிறகுதான் பார்த்தார். அதிகாரியின் வாய் மூடியிருந்தது. என் வாய் இன்னும் மூடவில்லை.

டேப் சாரின் முகம் மெல்ல வெளுத்தது, பிறகு சிவந்தது. சுவரைவிட்டுக் கையை எடுக்காமல், ரெண்டடிக்கு ஒரு ஊன்றலாக, கூடத்தை முழுக்கச் சுற்றி, வாசலோரம் நின்ற என் பக்கத்தில் வந்தார். காதருகே குனிந்தார்.

"கழிவறைக்கு மட்டும் குறுக்கால போகலாம்னு, இன்னிக்கே ஒரு திருத்தம் போட்டுடு பாப்பா."