படிவத்தில் இருக்கும் மனிதர் நான் அல்ல

மதிப்புக்குரிய சங்கத் தலைவர், பல் மருத்துவர் தம்பி அவர்களுக்கு,

நம் சேவைச் சங்கத்தின் மேசை மணியை இருபத்திரண்டு வருடமாகத் துடைத்து, நாக்கைச் சரிபார்த்து, கூட்டத்துக்குக் கூட்டம் கொண்டுவந்து வைக்கும் மூத்த உறுப்பினன் முறைப்படி வணங்கி எழுதுவது. நீங்களும், வீட்டில் எல்லாரும், இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் நாற்காலியில் வாயைத் திறந்தபடி காத்திருப்பவரும் நலமென்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான்கு நாளுக்கு முன் நடந்த கூட்டத்தில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். சர்வதேச இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் வந்து மூன்று மாதமாக என் வீட்டில் தங்கியிருக்கும் பெண், விதிப்படி ஒன்றாம் தேதி இரண்டாவது வீட்டுக்கு, அதாவது மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு, மாற வேண்டும். அவர் வீட்டு மாடியில் குழாய் உடைந்து அறையெல்லாம் ஒழுகுவதால் இன்னும் மூன்று மாதம் நானே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது என்றேன். வேறு வீடு கிடைக்காவிட்டால் அடுத்த ஊர்ச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்றீர்கள். அனுப்புங்கள் என்றேன். "காரணத்தையாவது சொல்லுங்கண்ணே" என்றீர்கள். எழுத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்த எழுத்து இது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை. தராசு பழுதுபார்க்கும் தொழிலையும், இந்தக் கடிதம் எழுதும் அளவுக்கான படிப்பையும் நானாகத்தான் கற்றுக்கொண்டேன். நாற்பத்தொரு வருடம் இந்த ஊர்க் கடைகளின் தராசுகள் என் கையில் வந்து போயிருக்கின்றன. முள் நேராக நிற்காமல் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. ஒரு கிராம் கூடினால் கூடியதுதான், குறைந்தால் குறைந்ததுதான், நடுவில் பேச்சே கிடையாது. அப்படிப்பட்டவனைப் பற்றி உங்கள் அலமாரியில் ஒரு பொய்ப் படிவம் இருக்கிறது. 'விருந்தளிக்கும் குடும்பத்தின் விவரம்' என்று மேலே போட்டிருக்கும். என் பேரனை அந்தப் பெண்ணின் நாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், அங்கிருந்து வரும் பிள்ளையை நம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பேரன் போக வேண்டுமே என்கிற ஆசையில் என் மருமகள் உட்கார்ந்து அதை நிரப்பினாள். கையெழுத்து மட்டும் என்னுடையது. அன்று என் கண்ணாடி கடையில் இருந்தது.

படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே அந்தப் பெண் வந்து இறங்கிய மறுநாள் காலை ஐந்தரைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கதவைத் தட்டுகிறார்களே என்று திறந்தால், நிலைப்படியை முட்டுகிற உயரத்தில் (தெருவே இப்போது அவளை நெட்டைப்பொண்ணு என்றுதான் கூப்பிடுகிறது) காலில் ஷூவும் கையில் படிவத்தின் நகலுமாக நிற்கிறாள். 'தாத்தா தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்' என்கிற வரியில் விரலை வைத்துக் காட்டுகிறாள். தம்பி, நான் தினமும் நடப்பது நாற்காலியிலிருந்து வாசல் வரை, பேப்பர் எடுக்க, பதினோரு அடி. திரும்பி வரப் பதினொன்று. மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உள்ளதை எழுதினா எந்தப் பிள்ளை மாமா வரும்? காலையில பேப்பர் படிப்பார், சாயங்காலம் அதே பேப்பரைத் திட்டுவார்னா எழுத முடியும்?" என்றாள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை முன்னால், வந்த முதல் நாளே, என் மருமகளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியுமா? செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தெருமுனைப் பேருந்து நிறுத்தம் வந்ததும் மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டேன். அவள் ஏன் என்பதுபோலப் பார்த்தாள். "நடக்கும்போது பாதி வழியில கொஞ்சம் உட்காருறது எங்க வழக்கம்மா" என்று அவள் நீட்டிய மொழிபெயர்ப்புப் போனில் சொன்னேன். அது பொய் அல்ல, அவசரத்துக்குச் சொன்ன காரணம். அவள் உடனே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். அடுத்த நாள் தையல்கடை வாசலில் முட்டி வலித்தது. நின்று பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல நடித்தேன். "பலகையை முழுசாப் படிச்சுட்டுத்தான் கடையைத் தாண்டணும்" என்றேன். அதையும் எழுதினாள். மூன்றாம் நாள் எழுந்திருக்கவே மனமில்லை. வானம் மூடியிருந்தால் நடக்கக் கூடாது என்றேன். எழுதினாள். வானம் அதற்குப் பிறகு ஒரு நாளும் மூடவில்லை.

இதெல்லாம் எங்கே போய் முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மாதத்துக்கு முந்தைய கூட்டத்தில் 'நான் கற்றுக்கொண்ட வழக்கங்கள்' என்று திரையில் படம் போட்டு அவள் பேசினாளே, முதல் படமே நான் பேருந்து நிறுத்தத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது. "இந்த ஊரில் பெரியவர்கள் பேருந்துக்காக அல்ல, மன அமைதிக்காக இங்கே அமர்கிறார்கள்" என்று எழுதிவைத்துப் படித்தாள். முப்பது உறுப்பினர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஏண்ணே, இது எப்பலேருந்து?" என்று நீங்கள் வேறு மைக்கில் கேட்டீர்கள். பழைய வழக்கம் என்றேன். வேறு என்ன சொல்வது? மறுநாள் காலை பார்த்தால் மருந்துக்கடைக்காரர் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "பழைய வழக்கத்தை விட்டுடக் கூடாதுல்ல" என்கிறார். இப்போது ஏழு பேர் வருகிறார்கள். பேருந்து வந்து நிற்கிறது, யாரும் ஏறுவதில்லை. "ஏறுறீங்களா, இல்ல வேடிக்கை பாக்குறீங்களா?" என்று ஓட்டுநர் போன வாரம் சத்தம் போட்டார். அவள் எழுந்துபோய் ஜன்னல் ஓரம் நின்று விளக்கினாள். அந்த மனிதர் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் அவரும் சும்மா இருந்தார். உள்ளே இருந்த பயணிகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த வரி, 'விலங்குகளிடம் பிரியம் உள்ளவர்'. எங்கள் தெருவில் காது மடிந்த நாய் ஒன்று உண்டு. அதற்கும் எனக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் குடையை ஓங்குவேன், அது குரைக்கும், அவரவர் வழியில் போவோம். ஒழுங்காக நடந்துவந்த ஏற்பாடு. இந்தப் பெண் படிவத்தை நம்பி அதை வீட்டுக்குள் கூட்டிவந்து என் காலடியில் உட்காரவைத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் தடவிக்கொடுத்தேன். நாய் என்னை நிமிர்ந்து பார்த்தது. அவள் இருக்கும்வரை என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை அது அந்த நொடியே புரிந்துகொண்டது. அன்றிலிருந்து என் நாற்காலியில்தான் தூங்குகிறது.

அதற்கும் அடுத்தது, 'வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்வார்'. இதில் மருமகளின் சொந்த லாபம் இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் கட்டம் போட்டு ஒரு அட்டவணை வரைந்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் பாத்திரம் என் பொறுப்பு. செய்தால் திருத்தமாகச் செய்வேன். கழுவியதை எடை வரிசையில் அடுக்கினேன். கனமானது கீழே, லேசானது மேலே. இப்போது யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. "கரண்டி எங்கங்க?" என்று என் மனைவி கேட்டால், "நூற்று இருபது கிராம் வரிசையில பாரு" என்கிறேன். இதில் என்ன தப்பு? அந்தப் பெண்ணுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது என் மனைவி. அதனால் அவளிடம் இருப்பது என் மனைவியின் தமிழ்தான். "தாத்தா, எத்தனை தடவை சொல்றது, தரையெல்லாம் தண்ணி" என்கிறாள், அதே இழுப்பு, இடுப்பில் அதே கை. நாற்பத்து நான்கு வருடம் ஒரு பக்கத்திலிருந்து வாங்கியவன், இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்குகிறேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். கடைசி வரியைப் பொறுக்க முடியாது. 'நகைச்சுவை உணர்வு மிக்கவர்'. தம்பி, நான் வாழ்நாளில் ஒரு நகைச்சுவை சொன்னதில்லை. அவளோ தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் சிரிக்கத் தயாரான முகத்தோடு என்னையே பார்க்கிறாள். கொல்லைக் கதவின் கீல் போய்விட்டது என்றேன். சிரித்தாள். சிரிக்க ஒன்றுமில்லை, கதவு விழப்போகிறது என்றேன். இன்னும் சிரித்தாள். என் மகன் ஒருவன் இருக்கிறான், அலுவலகத்திலிருந்து வந்தால் சோற்றைத் தவிர எதற்கும் வாயைத் திறக்காதவன், அவனுக்குப் புரையேறிவிட்டது. என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்குகிறது. மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாட்டில் இதே கதைதான். நான் கோபமாகப் பேசப் பேச அவர்களுக்குச் சிரிப்பு கூடுகிறது. ஒரு குடும்பத் தலைவன் தன் வீட்டில் ஒரு முறையாவது முழுக்கோபத்தைக் காட்டி முடிக்க வேண்டாமா? கொல்லைக் கதவு விழுந்தே போனது. அன்று சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. யாராலும் எழுந்திருக்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, அந்தப் படிவத்தை அலமாரியிலிருந்து எடுத்து, உள்ளதை உள்ளபடி திருத்தி, புதிதாகப் பதிய வேண்டும். பொய்யான படிவத்தில் இனி நான் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டு, ஒன்றாம் தேதி அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும். அடுத்த ஊரானாலும் சரி. திருத்த வேண்டியதை நானே சிவப்பு மையில் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவன் இல்லை என்பது உங்கள் அப்பா காலத்திலிருந்து சங்கத்துக்குத் தெரியும்.

உங்கள் கை நடுங்காமலும், பிடுங்க வேண்டிய பல்லையே பிடுங்கியும், பல்லாண்டு நன்றாக இருக்க என் ஆசிகள். வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் அன்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
மூத்த உறுப்பினன், மணிப் பொறுப்பு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். குழாய் சரியாகிவிட்டதாம், அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டாயிற்றாம். "ஒண்ணாம் தேதி காலையிலேயே வண்டியோட வந்து கூட்டிட்டுப் போயிடறேண்ணே, உங்களுக்கும் நிம்மதி" என்றார். நான்கு நாளில் சரிசெய்த குழாய் எப்படிப்பட்ட குழாயாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈரச் சுவர் காய ஆறு மாதமாவது வேண்டாமா? பொறுப்பில்லாத மனிதர்.

அவர் போனை வைத்ததும், இணைப்பு சரியாக இருக்கிறதா என்று படிவத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். நடப்பதைப் பற்றிய வரியைச் சிவப்பில் அடித்திருந்தேன். ஆனால் இன்று காலை நடந்த தூரம் ஐந்து கிலோமீட்டர் இருநூறு மீட்டர், உட்கார்ந்தது ஒரே ஒரு முறை. எனவே அடித்ததை அடித்துவிட்டேன். நாய் வரியையும் அடித்திருந்தேன். இதை எழுதும்போது அது என் காலின் மேல் படுத்திருக்கிறது, நகர்த்த மனம் வரவில்லை. அதையும் விட்டுவிட்டேன். பாத்திரம் அட்டவணையிலேயே இருக்கிறது. நகைச்சுவை வரியை மட்டும் விடுவதாக இல்லை என்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னேன். மூன்று பேர் சாட்சிக்கு வரத் தயாராக இருக்கிறார்கள். நான்காமவள் இதைக்கூட நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆக, இன்றைய தேதியில் படிவத்தில் பொய்யாக மிஞ்சியிருப்பது ஒரே வரி. பேரன் போனபின் இருக்கப்போகிறவர்களைக் கணக்கிட்டு, 'வீட்டில் வசிப்பவர்கள்: நான்கு பேர்' என்று மருமகள் எழுதியிருக்கிறாள். எண்ணிப் பார்த்து ஐந்து என்று திருத்திவிட்டேன். நாய்க்குப் படிவத்தில் இடமில்லை. ஒன்றாம் தேதி மருந்துக்கடைக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வந்தால் இந்த வரி மறுபடியும் பொய்யாகிவிடும். பொய்யான படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். சொன்ன சொல்லை நான் மாற்றுவதில்லை.

சங்கத்து மணியின் நாக்கு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பழுதுபார்க்க வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குள் சரியாகுமா என்பது உங்கள் பதில் வந்த பிறகுதான் தெரியும்.