வித்துரா சாமிக்குப் பிளாஸ்டிக் ஆகாது

செல்வமணி துண்டை அத்தானின் வாயில் அழுத்திப் பிடித்தான். ஈறிலிருந்து ரத்தம். காலையில் ஆரம்பித்தது, நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோ மட்டும் நின்றுவிட்டது. பழவங்காடியில் கூட்டம். வித்துரா சாமி வந்திருக்கிறாராம்!

"இறங்கி ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்டே," என்றார் அத்தான் கோலப்பன், துண்டுக்குள்ளிருந்து.

"கும்பிட்டது போதும் அத்தான். அண்ணாச்சி, ஹாரன் அடிங்க!"

ஆரியசாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரி கோலப்பன். மூன்று மாதம் முன்பு வாய் லேசாகக் கோணியது, இடது கை மரத்தது. இரண்டே நாளில் சரியானது. ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். சாமி அதை அடித்துத் திருத்தினார்: மாத்திரையை நிறுத்து, திருநீறு தின்னு.

சாமியின் வைத்தியம் எளிது. வீட்டிலுள்ள மாத்திரைகளை உறை உரித்து அவர் குடத்தில் காணிக்கை போட வேண்டும். சாமிக்குப் பிளாஸ்டிக் ஆகாது! சர்க்கரை, பிரஷர், இதயம், மூட்டுவலி என்று ஊரே குடத்தை நிரப்பியது. பதிலுக்குத் திருநீற்றுப் பொட்டலம். விசேஷம் என்னவென்றால், சிலருக்குக் குணமும் தெரிந்தது!

ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் முறைத்தார். "மாத்திரை எத்தனை விழுங்குறார்?"

"ஒண்ணுகூட இல்ல சாரே. நிறுத்தி மாசம் ஒண்ணாச்சு."

"கள்ளம் பறயண்ட, பொய் சொல்லாதே! ரத்தம் தண்ணி மாதிரி இருக்கு. மூளையில கசிஞ்சா ஆள் தீர்ந்தது."

கட்டிலில் கோலப்பன் முகம் மலர்ந்தது. "கேட்டியாடே? மாத்திரை இல்லாமலே இளகிருச்சு! சாமி சக்தி அல்லே?"

செல்வமணி யோசித்தான். ஊரில் யாரும் எடுக்காத அந்த யோசிக்கிற வேலை, அவன் தலையில் விழுந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாமி மறுபடி வந்தபோது, ஒரு பெரிய பாட்டிலைக் குடத்தில் கவிழ்த்தான். "பலதரப்பட்ட சீக்கு, சாமி." சாமி மகிழ்ந்து ஆசீர்வதித்தார்.

அடுத்த வெள்ளி, கோலப்பன் டிஸ்சார்ஜ் ஆன கையோடு வரிசையில் நின்றார். புதுப் பொட்டலம் வாங்கி வாயருகே கொண்டுபோனார். செல்வமணி மணிக்கட்டைப் பிடித்தான்.

"தின்னாதீங்க. மோந்து பாருங்க."

முப்பது வருஷ மளிகை மூக்கு. ஒரே இழுப்பு. "சீரகம்லா மணக்குது!"

"திருநீறில் சீரகம்! அற்புதம்!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி கண்ணை மூடி, "கைலாச வாசனை," என்றார்.

"கைலாசம் இல்ல சாமி, ஆரியசாலை! போன வாரம் நான் போட்டது மாத்திரையே இல்ல. அத்தான் குடோன்ல எடுத்த, மாத்திரை மாதிரியே இருக்குற சீரக மிட்டாய்!"

கோலப்பன் குடத்தைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். "அப்போ, இத்தனை நாளா நான் தின்னது?"

"ஊர்க்காரன் அத்தனை பேர் மாத்திரையும். மிக்சியில அரைச்சு, சாம்பல்ல கலந்து, அளவே இல்லாம! அதான் ரத்தம் இளகினது!"

சாமி ஓடினார். மூட்டுவலி தீர்ப்பவர் அல்லவா, நல்ல வேகம்.

டாக்டரின் ஒரு மாத்திரைக்கு நூறு கேள்வி கேட்ட மகா ஜனங்களே, சாம்பலிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வாய் என்ன கோணியா போயிருக்கும்?