லொவீனாவுக்கு உறவுக்காரர்

வம்சம் தேடுபவர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. பார்த்தால் சாதுவாகத்தான் இருப்பார்கள். கடிப்பதில்லை. கடன் கேட்பதில்லை. இவர்களை அடையாளம் காண்பதும் சுலபம்: உயிரோடு இருப்பவர்களைப் பற்றிக் கதைத்தால் கொட்டாவி விடுவார்கள், செத்து நூற்றைம்பது வருடமான ஒருவரைப் பற்றிக் கதைத்தால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வருவார்கள்.

இந்த இனத்தில் சாதாரண வகை தன் சொந்த வம்சத்தைத் தேடும். நான்கு தலைமுறை பின்னால் போனதும் ஒரு முதலியாரோ உடையாரோ அகப்படுவார். அத்துடன் ஆராய்ச்சி இனிதே முடிவுறும். நான் சொல்ல வந்தது அபூர்வ வகை. இது அடுத்த வீட்டாரின் வம்சத்தைத் தேடும். அதில் முதலியார் அகப்பட வழியில்லை என்பதால் ஆராய்ச்சி முடிவதே இல்லை.

என் அயலவர் கிறிஸ்தோப்பர் இந்த இரண்டாம் வகை. கனடாவில், பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடமொன்றில் இருபத்தெட்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே, செய்ய ஒன்றுமில்லாமல், மனைவி அக்னெஸின் மிளகாய்த்தூள் போத்தல்களுக்குத் தேதி எழுதி ஒட்டத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, கீழ்மாடியில் இருக்கும் மாக்கிரட் என்ற வெள்ளைக்காரக் கிழவி கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து கதவைத் தட்டினார். அக்னெஸ் இன்றைக்கும் சொல்வார், “அண்டைக்கு நான் கதவைத் திறந்திருக்கக் கூடாது.”

காகிதத்தில் ஒரு பெயர். லொவீனா. மாக்கிரட்டுடைய பாட்டியின் பாட்டி. அமெரிக்காவில் வெர்மொன்ட் மாநிலத்தில் பிறந்து, கலியாணம் கட்டி, மாட்டு வண்டியில் மேற்கே போய், நெப்ராஸ்காவின் புல்வெளியில் மண்கட்டி அடுக்கி வீடு கட்டிய பெண். அவள் பொரிக்கிற சட்டியால் ஒரு பாம்பை அடித்துக் கொன்றாள் என்று வீட்டில் ஒரு கதை. அது உண்மையா என்று இணையத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று மாக்கிரட் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

மூன்று கிழமையில் மாக்கிரட்டுக்கு அலுத்துவிட்டது. பாம்புக்குப் பதிவு இல்லை. அவர் தன் குறுக்கெழுத்துப் போட்டிக்குத் திரும்பிப் போனார். கிறிஸ்தோப்பர் திரும்பவில்லை.

சாப்பாட்டு மேசை அலுவலகமானது. குடிசன மதிப்பீட்டு ஏடுகள், நிலப்பதிவுகள், கல்லறைப் படங்கள், பழைய பத்திரிகைகளின் நகல்கள், அவற்றுக்கு நிறவாரியாகக் கோப்புகள், கோப்புகளுக்கு ஒரு பட்டியல், பட்டியல் தொலைந்தால் பார்க்க இன்னொரு பட்டியல் என்று மேசை நிரம்ப, அக்னெஸும் அவரும் சோபாவில் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டு ஏடுகள் அநேகமாக முழுவதும் தீயில் அழிந்துபோயின என்று அறிந்த அன்று மனிதர் மத்தியானம் சாப்பிடவில்லை. யாழ்ப்பாணத்தில் எரிந்தவற்றுக்காக அவர் ஒருவேளை பட்டினி கிடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

இந்த இனத்துக்கு ஒரு மந்திரம் உண்டு. “ஆதாரம் இருக்கோ?” பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று யாராவது, “எங்கட அப்பப்பா நல்லாப் பாடுவார்” என்றால் போதும், கிறிஸ்தோப்பர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்பார், “ஆதாரம் இருக்கோ?” ஜான்-டலோன் சந்தையில் சோளம் விற்கிற மனிதரிடம், 1874ல் நெப்ராஸ்காவில் வெட்டுக்கிளிகள் வந்து சோளத்தை மட்டுமல்ல, குதிரையின் தோல்வாரையும் தின்ற கதையை அரைகுறைப் பிரெஞ்சில் விளக்குவார். ஒருமுறை சந்தைக்காரர் தன் சோளத்தில் பூச்சி இருப்பதாக இவர் முறையிடுகிறார் என்று விளங்கி, இரண்டு சோளக்கதிர்களைச் சும்மா கொடுத்து அனுப்பிவைத்தார்.

இதெல்லாம் சகிக்கக்கூடியதுதான். வில்லங்கம் போன மாசி மாதம் வந்தது.

லொவீனாவின் தகப்பன் இறந்தபோது வெர்மொன்டில் ஒரு சிறு பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலை கிறிஸ்தோப்பர் கண்டுபிடித்துவிட்டார். எழுதிக் கொடுத்தவன் மூத்த மகன் எஸ்ரா. ‘இவரது இழப்பால் துயருறும் பிள்ளைகள் நால்வர்’ என்று போட்டு நான்கு பெயர்களையும் எழுதியிருந்தான். லொவீனாவின் பெயர் இல்லை. பிள்ளைகள் ஐந்து பேர் என்பதற்கு கிறிஸ்தோப்பரிடம் ஞானஸ்நானப் பதிவு இருந்தது.

அன்று பின்னேரம் தேநீர் குடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களுடைய மகள் அனோஜினியும் வந்திருந்தாள். கிறிஸ்தோப்பர் அந்த நகலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

“பாருங்கோ இந்தக் காவாலியின்ர வேலையை! கூடப்பிறந்த சகோதரம். அவள் அங்க வனாந்தரத்தில புருசனையும் சாகக் குடுத்திட்டு, நாலு பிள்ளையளோட தனிய நிலம் உழுறாள். இவன் இஞ்ச இருந்துகொண்டு அவளின்ர பேரை வெட்டி விட்டிருக்கிறான். என்ன மாதிரித் தமையன் உவன்?”

அனோஜினி தன் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்னெஸ் மாத்திரம் தட்டில் இருந்த றோல்ஸை என் பக்கம் தள்ளியபடி சொன்னார்:

“ஓம். என்ன மாதிரித் தமையன்.”

அந்த அறையில் கிறிஸ்தோப்பரைத் தவிர எல்லோருக்கும் விளங்கிய விஷயத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தோப்பருக்கு ஒரு மூத்த சகோதரி இருக்கிறார். பெயர் றோசா. நகரத்தின் மறுகோடியில், செயின்ட்-மிஷேலில் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசையில் இவருக்கு மூன்று வாங்கு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒன்பது வருடங்களுக்கு முன் அவர்களுடைய தாயார் றோசாவின் வீட்டில் கடுமையாக வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கிறிஸ்தோப்பர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாய்க்குக் கடைசி என்று தெரிந்தும் அக்கா நேரத்தோடு சொல்லவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. அன்றைக்கே மரண அறிவித்தலை அவரே எழுதி இணையத்தளத்துக்கு அனுப்பினார்.

நம்முடைய மரண அறிவித்தல்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். ‘இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும்’ என்று தொடங்கினால் சம்பந்தியின் மைத்துனர் வரைக்கும் போகும். லண்டனில் தொடங்கி டென்மார்க் வரை ஒரு பெயர் தவறாது. அந்த அறிவித்தலில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. பெற்ற மூத்த மகளின் பெயர் இல்லை.

அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசவில்லை. அக்னெஸ் மட்டும் மச்சாளோடு போனில் பேசுவார், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

எஸ்ராவை கிறிஸ்தோப்பர் சும்மா விடுவதாக இல்லை. லொவீனாவின் பரம்பரையில் நெப்ராஸ்காவில் இன்றைக்கும் இருக்கிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இரண்டு பக்கத்தில் மின்னஞ்சல் எழுதினார். ‘இந்த அநியாயம் லொவீனாவுக்குத் தெரிந்திருந்ததா? ஆதாரம் இருக்கிறதா?’ என்று கேட்டார். ஆறு கிழமை பதில் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. லொவீனா தன் மகளுக்கு எழுதிய ஒரு கடிதத்தின் படத்தை அந்த அம்மா அனுப்பியிருந்தார். கிறிஸ்தோப்பர் அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். சாராம்சம் இதுதான்:

‘உன் பெரியம்மா அனுப்பிய விதைகளைச் சுற்றி ஒரு பழைய பத்திரிகை வந்தது. இங்கே காகிதம் அருமை. மண்சுவரில் பூச்சி வராமல் இருக்க அதை விரித்து ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் கண்டேன், உன் தாத்தாவின் மரணச் செய்தி அடுப்புக்கு நேரே வந்துவிட்டது. பாண் சுடும்போதெல்லாம் நான்கு பெயர்களையும் வாசிக்கிறேன். கிழித்துவிடலாம், கிழித்தால் குளிர் வரும். இரண்டு பனிக்காலம் பொறுத்தேன். நேற்று ஒரு கரித்துண்டை எடுத்து ஐந்தாவதாக என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். இப்போது பரவாயில்லை.’

வாசித்து முடித்ததும், “ஆதாரம் கிடைச்சிட்டுது” என்றேன் நான், அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று.

கிறிஸ்தோப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

“ரெண்டு பனிக்காலம்” என்றார்.

அடுத்த நாள் காலை, நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு புறப்பட்டார். “லைப்ரரிக்குப் போறதுக்கு ஏன் சப்பாத்து மினுக்கிறீங்கள்?” என்று அக்னெஸ் கேட்டார். மனிதர் லொவீனாவின் கோப்புக் கட்டை எடுத்துக்கொண்டு மெற்றோ ஏறி, ஸ்னோடனில் நீல வழிக்கு மாறி, கடைசித் தரிப்பான செயின்ட்-மிஷேல் வரை போனார்.

அங்கே நடந்ததை எனக்கு அவரும் சொன்னார், றோசா அக்காவும் தனியாகச் சொன்னார். இரண்டும் பொருந்துகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

றோசா கதவைத் திறந்தார். தம்பியைப் பார்த்தார். கையில் இருந்த கோப்புக் கட்டைப் பார்த்தார்.

“ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை, அக்கா. ஒரு கதை சொல்ல வந்தனான்.”

ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த மனிதன், கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, லொவீனாவின் கதையைச் சொன்னார். வெர்மொன்டில் தொடங்கினார். மாட்டு வண்டி, கணவனின் காய்ச்சல், வெட்டுக்கிளி, ஒன்றையும் விடவில்லை. றோசா மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்டார். தகப்பனின் அறிவித்தல் வந்த இடத்தில் கத்தி நின்றது. கரித்துண்டு வந்த இடத்தில் கத்தியைக் கீழே வைத்தார்.

“அவளுக்கு ஒரு சுவர் இருந்தது” என்றார் றோசா. “இன்ரர்நெற்றில கரியாலை எழுதேலாது, தம்பி. நான் அதை எத்தினை தரம் திறந்து பாத்தனான் தெரியுமே? முப்பத்தொரு பேர். கௌரி மச்சாளின்ர சம்பந்தி கூட இருக்கிறா. எல்லாரும் போன் எடுத்துக் கேட்டினம், ‘றோசா, என்ன, உன்னைக் காணேல்லை’ எண்டு. ‘எழுத்துப் பிழை’ எண்டனான்.”

கிறிஸ்தோப்பர் கோப்பின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

“பிழையில்லை, அக்கா. அறிவித்தல் போடுற பெடியன் கேட்டவன், வேற பிள்ளையள் ஆரும் இருக்கினமோ எண்டு. நான் இல்லை எண்டனான்.”

“ஏன்?”

“நீங்கள் நேரத்தோட சொல்லேல்லை எண்டு…”

“நான் அஞ்சு தரம் போன் எடுத்தனான்.”

“தெரியும்” என்றார் கிறிஸ்தோப்பர். “போனை வேலையில லொக்கருக்குள்ள வைச்சிட்டன். வேலை முடிஞ்சு வெளிக்கிட்டுப் பாக்கேக்கை உங்கட அஞ்சு கோல் கிடந்தது. அப்பவே பாத்தனான். எனக்கு எல்லாம் தெரியும், அக்கா. அம்மா என்னைக் கேட்டவவோ?”

“கேட்டவா. ‘தம்பி வேலைக்குப் போட்டான், வரட்டும்’ எண்டு சொன்னவா.”

பிறகு றோசா எழும்பிப் போய் இன்னொரு கத்தியையும் ஒரு பலகையையும் கொண்டுவந்து தம்பிக்கு முன்னால் வைத்தார். “சும்மா இராமல் உந்த லீக்ஸை வெட்டு. சின்னனா வெட்டு” என்றார். விமானத்துக்குச் சாப்பாடு கட்டிய மேற்பார்வையாளர் வெட்டினார். “இது சின்னனே?” என்று றோசா கேட்டார். ஆகவே சமாதானம் ஆகிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

வைகாசியில் தாயாரின் நினைவு நாளுக்கு ஒரு நினைவஞ்சலி போட்டார்கள். றோசாவே எழுதினார். பிள்ளைகள்: றோசா, கிறிஸ்தோப்பர். அவ்வளவுதான். மற்ற முப்பது பேரும் கோபித்துக்கொண்டார்கள்; அது வேறு வழக்கு.

இதனால் நம்மவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. இப்போது சனிக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் சேர்ந்து சொந்த வம்சத்தைத் தேடுகிறார்கள். அக்னெஸுக்குச் சாப்பாட்டு மேசை இன்னும் கிடைத்தபாடில்லை. “அம்மாவின்ர பெரியப்பா ரெண்டாம் கலியாணம் கட்டினவர்” என்று றோசா சொல்வார். கிறிஸ்தோப்பர் கண்ணாடியை இறக்குவார். “ஆதாரம் இருக்கோ?”

“நான் இருக்கிறன்” என்பார் றோசா. “எழுது.”

எழுதுகிறார்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் இந்த இனமில்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால், இதை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து நீங்கள் செய்துகொண்டிருந்தது என்ன? எந்தக் கிறிஸ்தோப்பர்? ஊரில் எந்தப் பங்கு? மன்னாரோ, யாழ்ப்பாணமோ? அக்னெஸ் ஆருடைய மகள்? அந்தக் கௌரி மச்சாள் நமக்குத் தெரிந்த கௌரிதானோ? மூன்று பேருக்காவது போன் எடுத்து விசாரிக்க வேண்டும் என்று மனதுக்குள் குறித்தும் வைத்திருப்பீர்கள். தாராளமாக விசாரியுங்கள். அந்தப் போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு பெயர் வந்ததும் உங்கள் விரல் அதைத் தாண்டிக் கொஞ்சம் வேகமாகப் போகும். அது யார் என்று நான் கேட்கமாட்டேன். என்னிடம் ஆதாரம் இல்லை.