டயர் தேர்வு உயர்மட்டக் குழு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் ஓயாமல் புகழ்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதையாவது வட்டமாகச் செதுக்கி உருட்டிவிடுவது ஒரு பெரிய காரியமா? அந்தச் சக்கரத்துக்கு என்ன டயர் போடுவது என்று ஏழு வாரம் உட்கார்ந்து, ஒன்பது கூட்டம் கூடி, பதினொரு பக்க அறிக்கையோடு முடிவெடுப்பதல்லவா நாகரிகம்! அந்த நாகரிகத்தின் உச்சியைத் தொட்டது எங்கள் 'டயர் தேர்வு உயர்மட்டக் குழு'. அதன் செயலாளர் அடியேன்.

எனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. இந்த இரண்டு தகுதிகளால் நான் நடுநிலையானவன் என்று முடிவு செய்யப்பட்டேன். தவிர, என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

குழுவின் தலைவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருடைய கார் பின் சக்கரம் தள்ளுகிற ரகம். மற்ற சின்னக் கார்களை முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். இதில் எஞ்சினின் பலமெல்லாம் பின் சக்கரத்துக்குத்தான். "மாடுதான் இழுக்கும் மச்சான். சிங்கம் பின்னங்காலை ஊன்றித்தான் பாயும்" என்பார் அத்தான். அந்தச் சிங்கத்தின் ஸ்பிரிங்கை மாற்றி, வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கும்படி இறக்கியும் வைத்திருந்தார்.

இறக்கியதிலிருந்து வண்டிக்கு ஒரு பணிவு வந்துவிட்டது. வேகத்தடையைக் கண்டால் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் இறங்க வேண்டும். அத்தான் ஸ்டீயரிங்கை ஒடித்து, வண்டியைக் கோணலாக்கி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். நாங்கள் ரோட்டில் குனிந்து, "இடிக்கல, இடிக்கல, ஐயோ இடிச்சிருச்சு" என்று நேர்முக வர்ணனை செய்வோம். வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு ஐந்து வேகத்தடைகள். கைத்தடி ஊன்றிப் போகிறவர்கள்கூட எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு அதிவேக டயர் தேவை என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

இதைப் போல வண்டியை இறக்கியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 'தரைதொடும் வாகனர் சங்கம்'. அதற்கு நான்கு விதிகள். நான்காவது விதி, மழையில் உறுப்பினர் எவரும் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் ரிம்மில் சேறு படும், சங்கத்தின் மானம் போகும். அத்தான் விதியை மீறாத மனிதர். மழை வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவார்.

அக்கா சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அதனால் மழை நாளில் அவள் வண்டியை எடுக்கலாம், எடுத்தாள். அவள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. கையாலேயே பேசி, கையாலேயே கணக்கும் கதையும் சொல்லிக் கொடுப்பவள். பள்ளி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. வெயில் நாளில் அடிவாரம் வரை பஸ்ஸில் போய் ஏறிவிடுவாள். மழை பெய்தால் அந்த மேடு வாய்க்காலாகிவிடும், கார் இல்லாமல் முடியாது. ஆக, அந்த ஊரிலேயே மிக உயர்ந்த ரசனையோடு அலங்கரிக்கப்பட்ட கார், உண்மையில் வேலை செய்தது மழை நாட்களில் மட்டுந்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "பின் டயர் ரெண்டும் மொட்டை. பட்டனே இல்ல. நேத்து மேட்டுல திருப்பினா, நான் ஒரு பக்கம் போறேன், வண்டியோட பின்பக்கம் வேற பக்கம் போகுது. ஏதாவது ரெண்டு டயர் வாங்கி மாட்டுங்க."

டயரின் மேல் தண்ணீர் ஒதுங்குவதற்காக வரி வரியாக வெட்டியிருக்கிறதே, அதற்குத்தான் பட்டன் என்று பெயர்.

"ஏதாவதா?" என்றார் அத்தான். அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது.

"ஆமா, ஏதாவது. எனக்குக் கைதாங்க வாய். கையில ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பதினாலு பிள்ளைங்களும் யார் கையைப் பாக்கும்?"

அத்தானுக்கு அக்கா மேல் உயிர். உடனே செயலில் இறங்கினார். மறுநாளே குழுவை அமைத்தார்.

அத்தானும் நானும் போக, குழுவில் நான்கு பேர். ஒரு பல் மருத்துவர். எந்தப் பொருளையும் வெளுப்பாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அடுத்தவர் பெயர் 'வீடியோ'. டயரைப் பற்றி உலகத்தில் வந்த எல்லா வீடியோவையும் பார்த்தவர். டயரைத் தொட்டுப் பார்த்ததாகத் தகவல் இல்லை. மற்ற இருவர் இரட்டையர், தளவாடக் கடை வைத்திருப்பவர்கள். தலைவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம் நான்கு கைகளைத் தூக்கும் பணி அவர்களுடையது.

முதல் மூன்று கூட்டங்கள் 'கட்டுப்படியாகும் விலை' என்றால் என்ன என்பதை வரையறுப்பதில் கழிந்தன. ஸ்பிரிங்குக்கும் ரிம்முக்கும் அத்தான் கொட்டியது போக மிச்சம் இருப்பது எவ்வளவோ, அதுவே கட்டுப்படியாகும் விலை என்று ஏகமனதாக முடிவாயிற்று. இந்த மூன்று வாரத்தில் ஐந்து நாள் மழை பெய்தது. ஐந்து நாளும் அக்கா மொட்டை டயரில் மேடு ஏறி இறங்கினாள். 'அவசர நிலை எதுவும் எழவில்லை' என்று குறிப்பேட்டில் பதிவு செய்தேன்.

நான்காவது கூட்டம் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. கார் நிற்கும் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வெளியே மழை. சுவரில் நான் வரைந்த மதிப்பெண் பட்டியல். வறண்ட சாலையில் பிடி, தோற்றம், பக்கவாட்டு எழுத்தின் வெண்மை, விலை, மழைப் பிடி என்று ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து.

வீடியோ எழுந்தார். "தலைவரே, 'கரும்புயல்'னு ஒரு டயர். பந்தயத்துக்குன்னே செஞ்சது. ரப்பர் அப்படியே பசை மாதிரி ஒட்டும். விலையும் கம்மி. நாலு கட்டத்துலயும் பத்துக்குப் பத்து."

"அஞ்சாவதுல?"

"மழையில ஒண்ணு."

"ஒம்பதா?"

"ஒண்ணு."

"எழுத்து வெள்ளையா இருக்குமா?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

"பளீர்னு இருக்கும்."

பல் மருத்துவர் நெகிழ்ந்துபோனார். "இவ்வளவு நல்ல டயரை ஒரே ஒரு கட்டம் கெடுக்குதே. அநியாயம் இல்லையா இது?"

அத்தான் நெடுநேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நீதிபதியின் முகம் அது. "மழையில வண்டி எடுக்கிறவங்க யாராவது இந்தக் குழுவுல இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு கையும் எழவில்லை.

அந்த நேரத்தில் அக்கா பள்ளியிலிருந்து திரும்பிக் காரைக் கொட்டகை வாசலில் நிறுத்தினாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, சாவியை ஆணியில் மாட்டினாள். "இன்னிக்கு ரொம்ப வழுக்கிருச்சு. மேட்டுப் பாலத்துக்கிட்ட உயிரே போயிடுச்சு" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாருக்கும் டீ போடவா?" என்று கேட்டாள்.

ஆறு பேரும் கை தூக்கினோம்.

அவள் உள்ளே போனதும் மழைக் கட்டம் ஒருமனதாக நீக்கப்பட்டது. எனக்கு ஒரு கணம் என்னவோ போல இருந்தது உண்மை. ஆனால் செயலாளரின் வேலை எழுதுவது. யோசிப்பதற்குத் தலைவர் இருக்கிறார். அளவுகோலை வைத்து, கொஞ்சமும் கோணாமல், அந்தக் கட்டத்தின் மேல் இரண்டு கோடு இழுத்தேன்.

மீதி ஐந்து கூட்டங்களும் அறிக்கை எழுதவும் அதைப் பாராட்டவும் செலவாயின. பிறகு டயர் கடைக்கு ஊர்வலமாகப் போனோம். கடை வாசலில் ஒரு சிறிய சிமெண்ட் மேடு. வண்டி அதில் ஏறாது. ஆகவே அத்தான் காரைத் தெருவிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, பின் சக்கரங்களைக் கழற்றினார். இரட்டையர் ஆளுக்கொன்றாகத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

டயர் கடைக்காரர் கரும்புயலைத் தரையில் வைத்து, மேலே உள்ளங்கையால் தடவினார். "சார், இது மழைக்கு ஆகாது. பட்டன் பேருக்குத்தான் இருக்கு. தண்ணி நின்னா இந்த டயர் தண்ணி மேலதான் ஓடும், ரோட்டு மேல ஓடாது. அதுவும் உங்க வண்டி பின்னாடி தள்ளுற வண்டி."

"நாங்க அறிக்கை வெச்சிருக்கோம்" என்றார் அத்தான்.

"வெச்சுக்குங்க சார், வேணாங்கல. இதே விலைக்கு இன்னொண்ணு இருக்கு, பாருங்க. நல்ல ஆழமான பட்டன். வெயில், மழை ரெண்டுக்கும் தாங்கும். பள்ளிக்கூட வேனுக்கெல்லாம் இதைத்தான் மாட்டுறேன்."

வீடியோ அந்த டயரைப் பார்த்த பார்வையில் அது இளகியிருக்க வேண்டும். "அது குடும்பஸ்தன் போடுற டயருங்க" என்றார்.

மனைவியும் வீடும் வீட்டுக்கடனும் உள்ள ஐந்து குடும்பஸ்தர்கள் அந்த வசையைத் தாங்கிக்கொண்டு நின்றோம்.

"கரும்புயலையே மாட்டுங்க" என்றார் அத்தான்.

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே சார்" என்று சொல்லிவிட்டு மாட்டினார். மாட்டி முடித்ததும் எழுத்துகள் பளீரென்று வெளியே தெரிந்தன. அன்று வெயில். எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் அக்கா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "புது டயரா? அப்பாடா!" என்றாள். அத்தானின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவள் சந்தோஷப்பட்டதைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை மழை. மொட்டை டயரில் பயந்து பயந்து ஓட்டியவள், புது டயர் என்ற நம்பிக்கையில் அன்று பயப்படாமல் ஓட்டினாள். பாலத்துக்கு அடுத்த வளைவில் வண்டியின் பின்பக்கம் சுழன்றது. இரண்டு சுற்று சுற்றி, பள்ளியின் மதிலில் போய் மோதி நின்றது. எந்தப் பிள்ளையும் அந்நேரம் அங்கே இல்லை, அவ்வளவுதான் எங்களுக்கிருந்த புண்ணியம். அக்காவுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. இடது கையில் மூன்று விரல்கள்.

ஆஸ்பத்திரிக்குக் குழு முழுதும் வந்தது. அத்தான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. அக்காவின் இரண்டு கையும் மாவுக்கட்டுக்குள் இருந்தன. வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். அவர்கள் கையசைத்து என்னவோ கேட்டார்கள். அக்கா பதில் சொல்ல முயன்றாள். கட்டு இரண்டும் போர்வை மேல் கொஞ்சம் எழும்பி, விழுந்தன. பிள்ளைகள் காத்துக்கொண்டே நின்றார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

நடைபாதையில் பல் மருத்துவர் என்னைத் தனியாக ஒதுக்கி, காதோடு கேட்டார்: "ரிம்முக்கு ஒண்ணும் ஆகலையே?"

கை பழையபடி வருமா என்று டாக்டர் சொல்லவில்லை. ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்.

இரண்டு நாள் கழித்து, காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். நெளிந்த காரைக் கொட்டகைக்கு இழுத்து வந்து போட்டிருந்தோம். குழுவும் முறைப்படி கூடியிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பின் டயரைப் பார்த்தார்.

"வண்டியை ஓட்டுறது யாரு?"

"நான்தான்" என்றார் அத்தான்.

"மழையில?"

"மழையில... என் வீட்டுக்காரி."

"அப்புறம் எந்த அறிவாளி சார் இந்த டயரை மாட்டச் சொன்னது?"

இரட்டையர் முதன்முறையாகத் தலைவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ஆய்வாளர் ஒரு படிவத்தை நீட்டினார். முத்து முத்தான கையெழுத்து என்பதால் பேனா என்னிடம் வந்தது. பெயர், முகவரி, வண்டி எண் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டம், 'விபத்துக்கான காரணம்'.

"மழைன்னு எழுது மச்சான்" என்றார் அத்தான், தாழ்ந்த குரலில்.

"ஆமா, மழைதான்" என்றார் வீடியோ.

கட்டம் சிறியது. ஒரு சொல்லுக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்பது கூட்டத்துக்கும் வருகைப் பதிவு எடுத்தவன் நான். மழை ஒன்றில்கூடக் கலந்துகொள்ளவில்லை, எதற்கும் கை தூக்கவில்லை. ஆகவே கலந்துகொண்டு கை தூக்கிய ஆறு பேரின் பெயரையும், இடம் போதும்படி பொடி எழுத்தில், அந்தக் கட்டத்துக்குள் எழுதினேன். செயலாளர் என்ற முறையில் என் பெயரை முதலில் போட்டேன்.