பொறுமைக் குழுவின் அவசரக் கூட்டம்

உலகம் தோன்றிய நாள்முதல் பொறுமைக்காகப் பாடுபட்ட அமைப்புகளில் எங்கள் ஆலயத்தின் 'திருவருகைக் காலப் பொறுமை மற்றும் மகிழ்ச்சி மேம்பாட்டுக் குழு'வுக்கே முதலிடம். அதன் செயலாளர் என்ற முறையில் இதை நான் சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லையே, என்ன செய்ய!

ஆண்டவர் பிறப்புக்காக நான்கு வாரம் மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்கும் காலம் இது. மக்களுக்கு ஒழுங்காகக் காத்திருக்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்துக் குழுவைத் தொடங்கினோம். தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மனிதர்களை வரிசையில் நிற்க வைப்பதில் பழுத்த அனுபவசாலி. முதல் கூட்டத்துக்கு ஃபாதர் வரச் சற்றுத் தாமதமானது. தலைவர் பொறுக்க மாட்டாமல் அவர் இல்லாமலே தொடங்கி, 'பொறுமையின் மேன்மை' பற்றி உரையாற்றினார்.

மூன்றாம் ஞாயிறு 'மகிழ்ச்சி ஞாயிறு'. அன்று சிரிக்காமல் வருபவர்களை வாசலிலேயே நிறுத்திச் சிரிக்க வைக்கும் பொறுப்பு பொருளாளருக்கு. அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறுக்கான ஏற்பாடுகளைப் பேசக் கூடிய கூட்டத்துக்குத்தான் பாடகர் குழுவில் தனிப்பாட்டுப் பாடும் தையற்காரப் பெண் வந்தாள். அவளுடைய அப்பா முன்னாள் பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருப்பவர். ஆலய வாசலில் படிகள். போன திருவருகைக் காலத்திலிருந்து ஞாயிறுதோறும் படிக்குக் கீழே, சைக்கிள்களோடு சைக்கிளாக நின்று, மகளின் பாட்டை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுப் போகிறார்.

"நான் பாடுறத அப்பா ஒரு தடவகூடப் பார்த்ததில்லைங்க. ஓரமா ஒரு சரிவுப் பலகை போட்டுக் குடுத்தீங்கன்னா போதும். மகிழ்ச்சி ஞாயிறன்னிக்கு நான்தான் பாடுறேன்."

தலைவர் கண்களை மூடித் திறந்தார். "ஒரு வருஷமாவாம்மா காத்திருக்கார்?"

"ஆமாங்க."

"முகம் சுளிச்சாரா?"

"இல்லைங்க."

"பாத்தீங்களாய்யா!" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "இப்படி ஒருத்தரத்தானே தேடிட்டிருந்தோம்!"

உடனே தீர்மானம். இவ்வாண்டின் 'பொறுமைச் செம்மல்' விருது கண்டக்டருக்கே.

"அப்போ பலகை?" என்றாள் அந்தப் பெண்.

"பலகை போட்டா உள்ள வந்துடுவாரேம்மா!" என்று பதறினார் பொருளாளர். "அப்புறம் எதுக்காகக் காத்திருப்பார்? விருதே செல்லாமப் போயிடும்."

ஒரு நல்ல மனிதரைக் கெடுத்த பாவம் நமக்கு வேண்டாம் என்று ஏகமனதாக ஒத்துக்கொண்டோம்.

செய்தியைச் சொல்ல நானே படியிறங்கிப் போனேன். கண்டக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"விருது மேடையிலதானே குடுப்பீங்க? மேலருந்து வீசுங்க சார், பிடிச்சுக்கறேன்."

"நாங்க நாலு பேரு தூக்கிட்டுப் போறோமே?"

"போன தடவை தூக்கினீங்களே! பாதிப்படியில வெச்சுட்டு போட்டோ எடுத்தீங்க. ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்குது. நான் ஆளு சார், லக்கேஜ் இல்ல. என் பொண்ணு பாடறதப் பாக்கணும், அவ்ளோதான்."

அவர் கோரிக்கை 'பரிவுடன் கவனத்தில்' கொள்ளப்பட்டது. எங்கள் கவனத்தில் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

மகிழ்ச்சி ஞாயிறு வந்தது. மாதா வேடமிட்ட பெண்ணை நிஜக் கழுதைமேல் ஏற்றி ஆலயத்துக்குள் பவனியாக அழைத்துவருவது தலைவரின் திட்டம். கழுதையும் வந்தது. முதல் படியைப் பார்த்தது. நின்றுவிட்டது.

இழுத்தோம், தள்ளினோம், கேரட் காட்டினோம். தலைவர் 'பொறுமையின் மேன்மை' உரையிலிருந்து சில வரிகளைக்கூடச் சொல்லிப் பார்த்தார். கழுதை காதை ஆட்டியதே தவிர, காலை எடுக்கவில்லை.

"நேரமாகுதேய்யா!" என்று தலைவர் தலையில் கை வைத்தார். "யாராவது ஏதாவது பண்ணித் தொலைங்களேன்!"

சூசையப்பர் வேடத்தில் இருந்தவர் நிஜத்திலும் தச்சர். "பலகை போட்டா ஏறிடும்" என்றார்.

படியிலேயே அவசரக் கூட்டம். நின்றபடியே தீர்மானம். பக்கத்து ஆலய மன்றத்து மேடைப் பலகைகள் பறந்து வந்தன. சூசையப்பர் தாடியை ஒதுக்கிக்கொண்டு ஆணி அடித்தார். பாடகர் குழு சுருதி சேர்ப்பதற்குள் பாதை தயார். குழுவின் செயல்வேகத்தைக் கண்டு எனக்கே மெய்சிலிர்த்தது.

கழுதை கம்பீரமாக ஏறியது. அதன் பின்னால், "போலாம், ரைட்!" என்று ஒரு குரல். சக்கர நாற்காலியும் ஏறியது.

தலைவர் குறுக்கே பாய்ந்தார். "யோவ், இது கழுதைக்குப் போட்டது!"

"தெரியுது சார். அதுவே ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு என்ன?"

மகள் பாட வாயெடுத்தாள். இருக்கை வரிசைகளுக்கு நடுவே அப்பா. முதல் வரி வரவேயில்லை, அழுகைதான் வந்தது. பிறகு பாடினாள் பாருங்கள், அப்படியொரு பாட்டு! கண்டக்டர் சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழுவின் அனுமதி பெறாத மகிழ்ச்சி என்பதால் காட்டிக்கொள்ளவில்லை.

பூசை முடிந்ததும் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "செம்மல் அவர்கள் உள்ளே வந்துவிட்டபடியால் விருது ரத்து."

"ரத்து எதுக்கு சார்? கழுதைக்கே குடுங்க" என்றார் கண்டக்டர். "நான் வருஷம் பூரா பொறுமையா இருந்தேன், விருதுதான் வந்துச்சு. அது ஒரு நிமிஷம் முரண்டு பிடிச்சுது, பலகையே வந்துடுச்சு!"

தலைவர் முகம் சிவந்தது. "நிகழ்ச்சி முடிஞ்சுது. கண்டக்டரை இறக்கிட்டுப் பலகையைக் கழட்டுங்க" என்றார். சுத்தியலோடு வாசலுக்கு ஓடினோம். வெளியே கூட்டிப் போகும் வழியில் கழுதை பலகையின் நட்டநடுவில் நின்றுவிட்டது. இழுத்தோம், தள்ளினோம். அசையவில்லை.

கண்டக்டருக்காக அந்த வாசலில் விடாப்பிடியாக நின்றது, எங்கள் ஆலயத்திலேயே அது ஒன்றுதான்.