அரை மாத்திரையும் ஐந்தருவியும்

இந்த சீசனில் ஐந்தருவிக்குத் தலையைக் கொடுக்காமல் விடுவதில்லை என்று சபதம் செய்தேன். தொண்டையில் சீழ் வைத்திருந்ததால் சபதத்தைச் சைகையில்தான் செய்ய முடிந்தது.

தென்காசி டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார். காலையில் அரை, ராத்திரி அரை. "மாத்திரை முடியுற வரைக்கும் அருவிப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார். என் மனைவி பேராச்சிக்கு அது போதும். அடுப்படியில் பாக்குவெட்டியால் மாத்திரையை நறுக்கென்று இரண்டாக்கி, பாதியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைப்பாள். விழுங்கும்வரை நகரமாட்டாள்.

வெளியிலோ சாரல். ஐந்தருவியில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறதாம். பக்கத்து வீட்டு வேல்சாமி தம்பதி ஞாயிற்றுக்கிழமைக்குக் கார் பேசியிருந்தார்கள். அதில் எனக்கும் ஓர் இடம். குரல் கொஞ்சம் திரும்பியதும் பேராச்சியிடம் ஆரம்பித்தேன்.

"முழுசா ஒண்ணு குடுத்தா என்னட்டி? சீக்கிரம் முடியும்லா?"

"சீக்கிரம் சாப்பிட்டு எந்திரிக்க இது என்ன பந்தியா? டாக்டர் சொன்னது அரை."

"அரை மாத்திரை அரை ஆளைத்தான் குணமாக்கும்."

"அப்போ பேசாத பாதி குணமாகட்டும்."

யோசித்தேன். மாத்திரை முடிய வேண்டும் என்றுதானே டாக்டர் சொன்னார்? எப்படி முடிய வேண்டும் என்று சொல்லவில்லையே! அலமாரியில் ஒரு மாத்திரை டப்பா இருந்தது; உள்ளே அவள் நறுக்கித் தருவது போலவே வெள்ளை மாத்திரைகள். பேராச்சி தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் முழுசு முழுசாக உள்ளே தள்ளினேன். வலி குறையக் குறைய எனக்கு என்மேலேயே மரியாதை கூடியது.

ஞாயிறு காலை தோளில் துண்டோடு போய் நின்று காலி டப்பாவை நீட்டினேன்.

"பாத்தியா? முடிஞ்சிட்டு. கிளம்புதேன்."

பேராச்சி டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"எல்லாத்தையும் முழுங்கிட்டியளா?"

"ஒண்ணு விடாம."

"நல்லதாப் போச்சு. இது எனக்கு எழுதின சுண்ணாம்புச் சத்து மாத்திரை. ஒத்துக்கலைன்னு டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாரு. உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும். அதான் கைக்கு எட்டுத மாதிரி வச்சேன்."

"அப்போ என் மாத்திரை?"

அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு காகித உறையை எடுத்தாள். பாக்குவெட்டி நறுக்கென்றது.

"இன்னும் பாதிகூடத் தீரல. வாயத் தொறங்க."

திறந்தேன். விழுங்கினேன். வாசலில் கார் ஹாரன் அடித்தது.

"இந்தா வாரேன் மதினி" என்று குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கார்ல ஒரு இடம் சும்மா போகக் கூடாதுல்லா?"

என் தோளிலிருந்த துண்டையும் உருவிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஐந்தருவியில் என் சார்பாகக் குளித்தது அந்தத் துண்டுதான்.