முத்திரை வைத்த கிதார்

சங்கீத உலகமே எழுந்து நின்று கேட்க வேண்டிய அந்த அறிவிப்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கூடத்துச் சுவரில் நான்கு முனையிலும் டேப் போட்டு ஒட்டப்பட்டது.

"இதனால் இவ்வில்லத்தார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், கூடத்தின் மூலையில் வைக்கப்பட்டுள்ள கிதார், டியூனர், ஆம்ப்ளிஃபயர் ஆகிய மூன்றும் வரும் ஞாயிறு வரை பாதுகாக்கப்பட்ட பொருட்களாகும். எவரும் தொடலாகாது. மீறுவோர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

இவ்வில்லத்தார் அனைவரும் என்றால், ஒட்டிய ஆய்வாளரைத் தவிர்த்து, மொத்தம் ஒரே ஆள். ஆய்வாளரின் மனைவி. ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட் நர்ஸ். அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"படிச்சாச்சுன்னு கையெழுத்துப் போடணுமா?"

"போட்டா நல்லது," என்றார் ஆய்வாளர்.

கிண்டல் அவருக்குப் பிடிபடாது. பொய் எடை பிடிபடும். அவர் தராசு ஆய்வாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸில் தட்டுக்கு அடியில் காந்தம், கல்லுக்குள் மெழுகு, முள்ளுக்குப் பின்னால் நூல் என்று சகலமும் பார்த்தவர். வீட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூட முதலில் அடியைத் தட்டிப் பார்ப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. போன வாரம் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"சார், உங்க வீட்டுக் கிதாரைக் கேட்கறதுக்காகவே எங்க வீட்டம்மா ஜன்னலை மூட விடறதில்ல. ஞாயித்துக்கிழமை ஆண்டுவிழாவுல அரைமணி நேரம் வெச்சே ஆகணும். மேடை, நாற்காலி எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

பரவாயில்லையே, ரசனையுள்ள குடும்பம் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார். அவர் வாசிப்பது மாலை ஆறிலிருந்து ஏழு வரை. அந்த நேரம் பார்த்து எதிர் பிளாக்கில் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தப்படுவதையும் கவனித்திருக்கிறார். கொசுத் தொல்லை.

நூறு பேருக்கு முன்னால் சுதி பிசகினால் மானம் போய்விடும். அதற்குத்தான் இந்த டியூனர். காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி. கிதாரிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போக வேண்டும். அதிலிருந்து இன்னொரு ஒயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டும். கம்பி சுதி சேர்ந்தால் பச்சை, சேராவிட்டால் சிவப்பு.

பெட்டியின் வலப்பக்க ஓட்டைக்கு மேல் உள்ளே போகும் வழி என்றும், இடப்பக்க ஓட்டைக்கு மேல் வெளியே வரும் வழி என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எழுதுவது இடமிருந்து வலம். படிப்பது இடமிருந்து வலம். அவருடைய மேஜையில் கோப்பு நகர்வது, நகர்ந்தால், இடமிருந்து வலம். ஒரு பெட்டி மட்டும் ஊருக்கு எதிராக வேலை செய்யுமா? அரைக்கிலோக் கல்லில் ஒரு கிலோ என்று பொறித்தவனையே கண்டவர் அவர்.

அச்சுப்பிழை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கிதாரை இடப்பக்கமும் ஆம்ப்ளிஃபயரை வலப்பக்கமும் மாட்டினார்.

சத்தம் வரவில்லை. விளக்கும் எரியவில்லை. வால்யூமைப் பத்துக்குத் திருகினார். அப்போதும் வரவில்லை.

"கரண்ட் சரியில்ல," என்றார்.

"ஃபேன் ஓடுதே."

"ஃபேனுக்கு வர்ற கரண்ட் வேற."

புதன்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்து கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்று சத்தம் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் சூடு பட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.

ஒயர்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. வால்யூம் பத்தில் இல்லை, மூன்றில் இருந்தது. எல்லாவற்றையும் விட மோசம், ஆறு கம்பிக்கும் பச்சை. இத்தனை வருஷத்தில் ஆறு தராசும் சரியாக இருந்த ஒரு கடையை அவர் பார்த்ததே கிடையாது.

"யாரோ கை வெச்சிருக்காங்க!"

"சத்தம் வருதில்ல?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"அதான் சந்தேகமே! நான் மாட்டினப்போ வரல. இப்போ எப்படி வருது?"

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. "என்னங்க, ஞாயித்துக்கிழமை விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். செயலாளர் என்னைப் பார்த்து..."

"பேச்சை மாத்தாத. வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

"மூணாவது சாவி?"

"மூணாவது சாவியே கிடையாதே."

"கிடையாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வெங்காயம் நறுக்குகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது, முன்பைவிட வேகமாக.

ஆய்வாளர் தன் காதுக்குச் சரியென்று படும்வரை ஆறு கம்பிகளையும் திருகினார். ஆறும் சிவப்பாயின. அப்போதுதான் மனசு ஆறியது. பிறகு ஒயர்களை முறைப்படி மாற்றி மாட்டினார். சத்தம் அடங்கியது.

வியாழக்கிழமையும் இதே கதை. ஒயர் மாறியிருந்தது, வால்யூம் மூன்று, பச்சை ஆறு. இனி பொறுக்க முடியாது. ஆபீஸ் பையிலிருந்து ஈய முத்திரையை எடுத்தார். தராசில் கடைக்காரன் கை வைக்காமலிருக்க மெல்லிய கம்பியைச் சுற்றி, முனையில் ஈயக் குண்டை இடுக்கியால் நசுக்கி வைப்பார்களே, அதே முத்திரை. ஒயர் இரண்டையும் தன் வழியில் மாட்டி, டியூனரோடு சேர்த்துக் கட்டி நசுக்கினார்.

வெள்ளிக்கிழமை மாலை முத்திரை அறுபட்டுக் கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"பிசிறே இல்ல. தொழில் தெரிஞ்ச கை. ஆபரேஷன் தையல் பிரிக்கிற கத்தரி மாதிரி ஏதோ."

"அப்படியா?" என்றாள் மனைவி, கைப்பையைச் சற்று நகர்த்தி வைத்தபடி.

"உன் தம்பி வந்தானா?"

"அவன் வெளியூர்ல இருக்கான்."

"அது அவன் சொல்றது."

"ஐயோ, நான் சொல்றதைக் கொஞ்சம் காதுல..."

"எதுவா இருந்தாலும் ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்."

இந்தத் தடவை நான்கு முத்திரை வைத்தார். கிதார், டியூனர், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒட்டுமொத்தமாகப் பீரோவுக்குள் திணித்துப் பூட்டினார். பீரோவிலிருந்த துணிகள் சாப்பாட்டு மேஜைக்குக் குடிபோயின. சாவி தலையணை உறைக்குள் போனது. இரண்டு ராத்திரி கழுத்து வலித்தது. பாதுகாப்பென்றால் சும்மாவா?

ஞாயிறு மாலை ஆறு மணி. கீழ்த்தளத்து ஹாலில் உட்கார இடமில்லை. மேடையில் ஒற்றை நாற்காலி, ஒற்றை மைக். ஆய்வாளர் உட்கார்ந்து முத்திரைகளை எண்ணினார். நான்கு. ஒன்றுகூடக் கலையவில்லை. எதிரி தோற்றுவிட்டான்.

கம்பியை மீட்டினார். சத்தம் வரவில்லை. வால்யூமை ஐந்து, எட்டு, பத்து என்று திருகினார். டியூனரை ஒரு மிதி மிதித்தார். பின்வரிசையில் ஒருவர் இருமியது நன்றாகக் கேட்டது.

செயலாளர் மேடையோரம் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"சதி நடந்திருக்கு," என்றார் ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டு.

நூறு முகங்கள். நெற்றியில் வேர்வை. ஒயரைக் கழற்றலாமென்றால் அவர் நசுக்கிய ஈயத்தை அவராலேயே பிரிக்க முடியவில்லை. இடுக்கி மூன்றாவது மாடியில் இருந்தது.

அப்போது மனைவி மேடையேறினாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரியை எடுத்தாள். நான்கு வெட்டு. வால்யூமை மூன்றுக்கு இறக்கினாள். வலப்பக்க ஒயரை இடத்துக்கும் இடப்பக்க ஒயரை வலத்துக்கும் மாற்றினாள். கணவர் மடியிலிருந்து கிதாரை வாங்கி ஆறு திருகாணிகளையும் திருகினாள். சிவப்பு, சிவப்பு, பச்சை. கடைசியில் ஆறும் பச்சை.

ஆய்வாளர் அந்தக் கத்தரியை உற்றுப் பார்த்தார்.

"ஆக, நீதானா!" மைக் அதை ஹால் முழுக்கக் கொண்டுபோனது. "பார்த்துக்குங்க எல்லாரும்! கையும் களவுமா!"

கூட்டம் ஆரவாரமாகக் கைதட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள். குற்றவாளி பிடிபட்டதற்கு இத்தனை சந்தோஷப்படுகிற பொறுப்புள்ள ஜனங்களா என்று ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார்.

செயலாளர் மேலே வந்து அவர் தோளில் மெதுவாகக் கை வைத்தார்.

"சார், தினம் மத்தியானம் ரெண்டரை மணிக்கு மேடம் வாசிக்கறதைக் கேட்டுட்டுத்தான் இத்தனை பேர் வந்திருக்காங்க. ஒயர் மாட்டற வேலை முடிஞ்சுதுன்னா, அந்த நாற்காலியைக் கொஞ்சம் விடுங்க."